குண்டூசி விட்ட தடம்

1

நான் வேலை பார்க்கும் இடத்தில் பேனாவுக்கு அனுமதி இல்லை. பேராசிரியராக இருந்தாலும் சரி, மந்திரியாக இருந்தாலும் சரி, பேனாவை வாசலில் உள்ள தட்டில் போட்டுவிட்டு, ஒரு பென்சிலை வாங்கிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, வருடத்தில் ஐந்து மாதம் பனி கொட்டும் சின்ன ஊரின் ஆவணக் காப்பகம் அது. நியூயார்க் என்றதும் வானத்தை முட்டும் கட்டடங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். மயிலாப்பூர் குளத்தின் ஒரு கரையில் இருக்கும் கடைகளில் பாதிகூட இந்த ஊரில் இல்லை.

இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கணவருக்கு வேலை, எனக்கு அவரோடு ஒட்டிக்கொண்டு வந்த விசா. அந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது, சும்மா செய்யலாம். சும்மா செய்யப் போன இடம்தான் இந்தக் காப்பகம். ஆறு வருடம் தூசி தட்டினேன். பச்சை அட்டை வந்த பிறகு அதே தூசியைத் தட்டுவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் ஒருமுறை விடுப்புக் கடிதத்தில் "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்று எழுதிவிட்டேன். மேலாளர் மார்த்தா அக்கறையாக வந்து, எந்த ரயில் நிலையம் என்று கேட்டார். நம் ஊரில் தாசில்தாரிலிருந்து தபால்காரர் வரை எல்லோருக்கும் புரிகிற இங்கிலீஷ், இங்கிலீஷையே தாய்மொழியாகப் பேசுகிற ஊரில் செல்லுபடியாகவில்லை.

காப்பகத்தில் முதலில் கற்றுக்கொடுத்த பாடம், குண்டூசியை எடுப்பது. பழைய தாள்களில் குத்திய குண்டூசி துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்றுவிடும். ஆகவே எடுக்கவேண்டும். ஆனால் எடுப்பதற்கு முன், எது எதோடு குத்தப்பட்டிருந்தது என்பதைப் பென்சிலால் குறித்து வைக்கவேண்டும். இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் மறந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு ஒரே வேலை. அடிமையாகப் பிறந்து, தப்பி வடக்கே வந்து, அடிமை முறையை ஒழிக்க ஊர் ஊராகப் பேசித் திரிந்து, கடைசிக் காலத்தை எங்கள் ஊரில் கழித்த ஒரு கறுப்பினப் பெண்மணியின் பொருட்களை ஒழுங்குபடுத்தவேண்டும். ஆறு பெட்டிகள். கண்காட்சி திறக்கும்வரை பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. அதனால் அந்த அம்மாள் என்றே எழுதுகிறேன்.

ஒரு கம்பு உடைந்த மூக்குக்கண்ணாடி. முழங்கைப் பக்கம் நைந்த சால்வை. ஒரு பாட்டுப் புத்தகம், அதன் ஓரங்களெல்லாம் விரல் பட்டுக் கறுத்துப் போயிருக்கின்றன. இத்தனைக்கும் அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதங்கள் எல்லாம் வேறு வேறு கையெழுத்து, யாரையாவது உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தவை. அடியில் மட்டும் ஒரு பெருக்கல் குறி, அதுதான் அவர் கையொப்பம். அந்தக் குறி ஒவ்வொரு கடிதத்திலும் அழுத்தி, கோபமாகப் போட்டதுபோல இருக்கும். எனக்கு அவரை முதல் நாளே பிடித்துப் போயிற்று.

ஒரு பெட்டி முழுக்க அரசாங்கத்தோடு நடந்த மல்லுக்கட்டு. கணவர் உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்தவர், அவர் இறந்த பிறகு விதவைக்குரிய ஓய்வூதியம் கேட்டு எழுதியிருக்கிறார். கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சி கொடு என்கிறது அலுவலகம். அடிமைகளின் கல்யாணத்தை எவன் எழுதி வைத்தான்? சாட்சி கொடு என்கிறது. சாட்சிகளை வெவ்வேறு ஊர்களுக்கு விற்றுவிட்டார்கள் என்று பதில் போகிறது. அதற்கும் அத்தாட்சி கேட்டு ஒரு கடிதம் வருகிறது. மதிய உணவு நேரத்தில் இதைப் படித்துவிட்டு என் சாம்பார் சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

எனக்கும் ஒரு சின்ன அனுபவம் உண்டு. இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிய பிறகு, சென்னைக்கு விசா இல்லாமல் போய்வருவதற்கான அட்டைக்கு விண்ணப்பித்தேன். இனி நான் இந்தியப் பிரஜை இல்லை என்பதற்கு முதலில் அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை, என் பழைய பாஸ்போர்ட்டில் ரத்து முத்திரை குத்தியிருந்த பக்கத்தை நகலெடுக்கும்போது, அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று அழுதேன். மகள் ஆன் பக்கத்தில் இருந்தாள். "அது வெறும் பேப்பர்தானே மா" என்றாள் ஆங்கிலத்தில். அவள் பிறந்தது இங்கே. அவளுக்குப் பேப்பர் பேப்பர்தான்.

3

பிப்ரவரியில் துணிப் பெட்டியைத் திறந்தேன். சால்வைக்குக் கீழே ஒரு உறை. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் நீலக் கட்டம்போட்ட துணித்துண்டு. உறையின் மேல், பல வருடங்களுக்கு முன் யாரோ ஒரு தொண்டர் எழுதியது: துணி, விவரம் தெரியவில்லை.

துண்டின் மூலையில் இரண்டு துருப் புள்ளிகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே லேசான ஒரு கோடு. குண்டூசி குத்தி எடுத்தால் விழும் தடம். அதே அளவில், அதே சாய்வில் ஒரு தடத்தை நான் வேறெங்கோ பார்த்த ஞாபகம். கடிதப் பெட்டியில் ஒன்றரை நாள் தேடிக் கண்டுபிடித்தேன்.

அது அந்த அம்மாள் தன் தங்கையைத் தேடி எழுதவைத்த கடிதத்தின் நகல். பிள்ளைப் பருவத்தில் தங்கையைத் தனியாக விற்றுவிட்டார்கள். விடுதலைக்குப் பிறகு அந்த அம்மாள் தெற்கே உள்ள தேவாலயங்களுக்கெல்லாம் எழுதியிருக்கிறார். ஆராதனை நேரத்தில் என் தங்கையின் பெயரைப் பிரசங்க பீடத்திலிருந்து உரக்க வாசியுங்கள், கூட்டத்தில் யாருக்காவது தெரிந்திருக்கும் என்று கேட்கிறார். விற்கப்பட்ட அன்று தங்கை நீலக் கட்டம்போட்ட கவுன் போட்டிருந்தாள், அதன் துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். பதில் எதுவும் பெட்டியில் இல்லை.

கடிதம் ஒரு பெட்டியில், கவுன் துண்டு இன்னொரு பெட்டியில், "விவரம் தெரியவில்லை" என்ற எழுத்தோடு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எந்த மடச்சி இதைப் பிரித்தாள்?" என்று மார்த்தாவிடம் கத்திவிட்டேன், தமிழில்தான். அவர் குரலை வைத்தே புரிந்துகொண்டார்.

"பாவம், கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். துணியைத் துணியோடும் தாளைத் தாளோடும் வைத்துச் சுத்தமாக அடுக்கியிருக்கிறார், அவ்வளவுதான்" என்றார் மார்த்தா.

என் கோபம் அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அதே சுத்தத்தோடு நானும் ஒரு மேசையை அடுக்கியிருக்கிறேன்.

4

அப்பா எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீடு, நடந்து போகிற தூரத்தில் கோயில். அப்பாவுக்குக் குண்டூசிப் பைத்தியம். மின்கட்டண அட்டையில் ஒரு ஊசி, மருந்துச் சீட்டில் ஒரு ஊசி, சட்டைப்பையின் உள்பக்கம் அவசரத்துக்கு இரண்டு ஊசி.

என் அக்கா ஃபிலோமினா தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பையனைக் காதலித்தாள். பையன் இந்து. ஞானஸ்நானம் எடுக்கச் சொல் என்றார் அப்பா. அவர் எடுக்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. "இனிமே இந்த வீட்ல அவ பேரு என் காதுல விழக் கூடாது" என்று, பங்குச் சாமியார் முன்னாலேயே அப்பா சொல்லிவிட்டார். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. பயம். அடுத்த இரண்டாம் வருடம் நானும் விமானம் ஏறிவிட்டேன்.

அக்கா எங்கேயும் போய்விடவில்லை. பாலவாக்கத்தில்தான் இருந்தாள். அடையாறு பாலம் தாண்டி, திருவான்மியூர் தாண்டினால் வந்துவிடுகிற பாலவாக்கம். அந்த அம்மாளின் தங்கையைப் பிடித்து விற்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் விற்கவில்லை, வாயை மட்டும் மூடிக்கொண்டோம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இருபத்துச் சொச்சம் வருடம் ஒரு வீட்டில் ஒரு பெயரைச் சொல்லாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

அக்கா அப்பாவுக்குக் கடிதம் எழுதுவாள். பிள்ளை பிறந்தபோது, பிள்ளை பள்ளிக்குப் போனபோது, மாமாவுக்கு, அதாவது அவள் கணவருக்கு, இருதய ஆபரேஷன் என்றபோது, வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது. அப்பா ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பா போனபோது பத்து நாள் விடுப்பில் ஓடினேன். அடக்கத்துக்கு அக்கா வந்து கல்லறைத் தோட்டத்து வாசலோரம் நின்றாள். அம்மா போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். அதன் பிறகு அம்மாவும் அக்காவும் பேசிக்கொள்கிறார்கள், அது ஒரு ஆறுதல்.

அப்பாவின் மேசையைப் பார்த்தாலே அம்மாவுக்கு அழுகை வந்தது. நான் ஆவணக் காப்பகக்காரி இல்லையா? நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அமெரிக்காவிலிருந்து காகிதத்தை அரிக்காத விசேஷ உறைகள் வேறு பெட்டியில் கொண்டுபோயிருந்தேன், அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல. ஒரு கிண்ணம் நிறையக் குண்டூசிகளைப் பிடுங்கினேன். கடிதம் தனி, போட்டோ தனி, சான்றிதழ் தனி, யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று எழுதி, கோயிலில் பூசைக்குப் பணம் கட்டிய சீட்டுகள் தனி. எது எதோடு இருந்தது என்று ஒரு வரி குறிக்கவில்லை. சொந்த வீடுதானே, எனக்குத் தெரியாததா என்ற திமிர். பூசைச் சீட்டுகள் ஒரு கற்றை இருந்தன. தாத்தா பெயருக்கு, அத்தை பெயருக்கு, பெயரே இல்லாமல் "சிறப்புக் கருத்து" என்று மட்டும் எழுதியவை கொஞ்சம். இது வேண்டாம், போட்டுவிடும்மா என்றேன்.

கிளம்புகிற அன்று அக்கா கேட்டாள்.

"அப்பா பேப்பரெல்லாம் நீதான பாத்த? என்னைப் பத்தி ஏதாச்சும் இருந்துச்சா ஜெசி?"

"உன் லெட்டரெல்லாம் வச்சிருந்தாருக்கா. பதினொண்ணு."

"பதில் எழுதி, போடாம வச்சிருந்தாரா?"

"இல்லக்கா. வேற ஒண்ணும் இல்ல."

"சரி" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அம்மாவின் சர்க்கரை மாத்திரையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் மட்டும்தான் பேசினாள். என் அக்காவின் பழைய குரலுக்கு, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே என்னை வம்புக்கிழுக்கும் அந்தக் குரலுக்கு, இந்தப் பனியில் உட்கார்ந்து எவ்வளவு ஏங்கினேன் என்று எழுதத் தெரியவில்லை.

5

இங்கே காலை எட்டு மணி என்றால் அங்கே மாலை ஆறரை. அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

"இன்னாடி, வேலைக்குப் போவலையா? உடம்பு சரியில்லையா?"

"அலமாரில அக்கா லெட்டர் இருக்கும். எடும்மா. ஒண்ணு ஒண்ணா போன் முன்னாடி காட்டு."

"படிக்கச் சொல்றியா?"

"படிக்க வேணாம். காட்டு, போதும்."

முதல் ஐந்து நிமிடம் மின்விசிறியைக் காட்டினார். பிறகு தன் மூக்கைக் காட்டினார். எனக்குப் பொறுமை கிடையாது என்பது அம்மாவுக்குத் தெரியும், அதனால் வேண்டுமென்றே நிதானமாகச் செய்தார். கடைசியில் கடிதம் தெரிந்தது. இடது மூலையில் இரண்டு துருப் புள்ளிகள். அதற்குக் கீழே, பழுப்பேறிய தாளில், நாலு விரல் அகலத்துக்கு வெளிறிய ஒரு நீள்சதுரம். பல வருடம் மேலே ஒரு சின்னத் தாள் கிடந்தால், அடியில் இருக்கும் காகிதம் அந்த அளவுக்கு மட்டும் பழுக்காமல் இருக்கும். அடுத்த கடிதத்திலும் அது இருந்தது. பதினொன்றிலும் இருந்தது.

நாலு விரல் அகலத்தில் அப்பாவிடம் இருந்த தாள் ஒரே ஒரு வகைதான்.

"அம்மா, அந்தப் பூசைச் சீட்டெல்லாம் எங்க?"

"நீதான வேணாம்னு சொன்ன? கோயில் சீட்டை எப்படிடி குப்பையில போடறது? ஒரு பையில கட்டி வச்சிருந்தேன். நேத்து ஞாயித்துக்கெழம, குருத்தோலையெல்லாம் கேட்டாங்க, அதோட சேத்துக் குடுத்துட்டேன்."

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வாங்கிய ஓலையை வருடம் முழுக்க வீட்டுச் சிலுவையில் செருகி வைத்திருப்போம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதை எரித்த சாம்பலைத்தான் புதனன்று நெற்றியில் சிலுவையாகப் பூசுவார்கள். பழைய புனிதர் படம், ஜெபத்தாள் என்று குப்பையில் போட மனம் வராததையெல்லாம் ஜனங்கள் அதோடு கொடுத்துவிடுவார்கள்.

அன்று திங்கட்கிழமை, சாம்பல் புதனுக்கு இன்னும் இரண்டு நாள். "இப்பவே கோயிலுக்குப் போம்மா" என்றேன். அம்மா கேள்வி கேட்காமல் செருப்பை மாட்டினார்.

6

கோயில்பிள்ளை சின்னப்பன் அண்ணனுக்கு எழுபது வயதிருக்கும். மணி அடிப்பது, பீடத்தைத் துடைப்பது, ஆபீசில் சீட்டு எழுதுவது எல்லாம் அவர்தான். அம்மா போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இன்னா பாப்பா, அமெரிக்காலேர்ந்தா பேசற? நல்லாகீறியா?"

"அண்ணே, எங்கம்மா குடுத்த பை..."

"மதியமே கொளுத்தியாச்சே! ஓலை, படம், பேப்பரு, அல்லாத்தையும் ஒரே டின்ல போட்டு எரிச்சி, சலிச்சி வச்சிகீறேன். இன்னா, நகை கிகை எதுனா வுட்டுட்டீங்களா?"

ஒரு சட்டி நிறையச் சாம்பலைக் காட்டினார். மையாக, மிருதுவாக இருந்தது.

"அப்பாவோட பூசைச் சீட்டுண்ணே."

"சார் சீட்டா? அது அத்தினியும் நான் எழுதனதுதான். மத்தவங்க பேரு சொல்வாங்க, சாமியாரு பூசையில பட்ச்சிடுவாரு. சார் மட்டும் சில தபா பேரு சொல்ல மாட்டாரு. 'சிறப்புக் கருத்துன்னு போடு சின்னப்பா'ன்னுவாரு. ஒரு தபா வாய் சும்மா இல்லாம, 'பெரிய பாப்பாவுக்கா சார்?'னு கேட்டுட்டேன். மொறச்சிப் பாத்தாரு. அப்பால மெதுவா, 'மாப்பிள்ளைக்கு ஆபரேஷன்டா'ன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. நானும் இன்னிய வரைக்கும் சொல்லல."

போன் தாழ்ந்தது. கொஞ்ச நேரம் கோயில் முற்றத்துத் தரையும் அம்மாவின் செருப்பும்தான் தெரிந்தன.

அந்த அம்மாள் தங்கையின் பெயரை ஊரெல்லாம் உரக்க வாசிக்கச் சொன்னார். என் அப்பா மகளுக்காகப் பதினொரு பூசை கொடுத்துவிட்டு, பெயரை மட்டும் யார் காதிலும் விழாமல் பார்த்துக்கொண்டார். அம்மாவும், லீவில் போகும்போது நானும், முன்வரிசையில் உட்கார்ந்து, "ஒரு சிறப்புக் கருத்துக்காக" என்று சாமியார் வாசிப்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். யாருக்கோ என்னவோ கஷ்டம் என்று நினைத்திருப்போம்.

7

அக்காவுக்குச் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சீட்டும் இல்லை, சாட்சிக்கு ஒரு கோயில்பிள்ளை மட்டும். மகள் ஆனிடம் சொன்னேன். அவளுக்குப் பெரியம்மா என்பவள் போட்டோவில் பார்த்த ஒருத்தி. ஆனாலும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா ஒரே ஊர்ல இருந்து பேசல. இப்ப நீயும் பேசாம இருக்கப் போறியா?" என்றாள், தன் உடைந்த தமிழில். பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று புலம்பி இதே போன்ற கட்டுரைகளை நானும் எழுதியிருக்கிறேன். விலகிப் போனவள் அங்கிருந்து கொஞ்சம் தெளிவாகத்தான் பார்க்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை கூப்பிட்டேன். குண்டூசி, துரு, சீட்டு, சாம்பல் எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். 

"மாப்பிள்ளைன்னா சொன்னாரு?" என்றாள் அக்கா கடைசியில்.

"ஆமாக்கா."

"ரெண்டு வருஷம் ஜெசி. எங்கப்பாவுக்கு நான் செத்துப்போனவன்னு நெனச்சுக்கினே ரெண்டு வருஷம் எழுந்து, குளிச்சி, சமைச்சிக்கினு இருந்தேன். நீ ஒரு வரி எழுதி வச்சிருந்தா போதும். அதுதான உன் வேலையே?"

போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூட அதிகம் இல்லை.

அன்று காப்பகத்தில் நீலத் துணியையும் கடிதத்தையும் ஒரே உறைக்குள் வைத்தேன். இடையில் ஒரு மெல்லிய தாள். உறையின் மேல் எது எதோடு இருந்தது என்று பென்சிலால் எழுதினேன். 

8

புதன்கிழமை காலை எட்டே முக்கால். காப்பகத்துக்குக் கிளம்ப வீட்டு வாசலில் நின்று, கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வீடியோ அழைப்பு வந்தது. அக்கா. நெற்றியில் சாம்பல் சிலுவை. பின்னால் எங்கள் கோயில் வாசல், விளக்கு வெளிச்சம், கூட்டம்.

"உள்ள போனியாக்கா?"

"போனேன். வரிசையில நின்னேன். இந்த ஃபாதர் புதுசு, நான் யாருன்னே தெரியாது. பூசிவிட்டாரு." போனை இன்னொரு கைக்கு மாற்றினாள். "மாமாவும் வந்திருக்காரு. வெளிய வண்டிகிட்ட நிக்கிறேன்னாரு, அம்மாதான் இழுத்துக்கினு போனாங்க. அவர் நெத்தியிலயும் இருக்குது."

"என்மேல கோவமாக்கா?"

"கோவம்தான். அது இருக்கட்டும், இங்க பாரு." போனைத் திருப்பினாள்.

கோயிலிலிருந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். யூனிபாரத்தோடு வந்த பள்ளிப் பிள்ளைகள், மீன் கூடையைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போயிருந்த பெண்கள், தோளில் தூங்கும் ஒரு கைக்குழந்தை. எல்லோர் நெற்றியிலும் சாம்பல்.

"இதுல எந்த நெத்தியில அப்பா குடுத்த சீட்டு இருக்குன்னு தெரியல ஜெசி" என்றாள். "அதான் ஒவ்வொருத்தர் நெத்தியா பாத்துக்கினு நிக்கிறேன்."

கடைசி ஆள் வெளியே வரும்வரை அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.